வட்டவிதானையின் துண்டுப் போர்வைகள்

என் வாப்பா அபூசாலி நாற்பத்தைந்து வயது வரைக்கும் ஊசியில் நூல் கோர்த்தறியாதவர். சட்டைப் பொத்தான் கழன்றால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு உம்மாவின் முன்னால் போய் நிற்பார். உம்மா சட்டையைக் கழற்றச் சொல்லாமல், நின்ற நிலையிலேயே தைத்து, நெஞ்சருகே குனிந்து பல்லால் நூலைக் கடித்துவிடுவார். அதற்கு மேல் வாப்பாவுக்கும் தையலுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை.

அவர் நாவிதன்வெளிப் பக்கத்து வயல்களுக்கு வட்டவிதானை. வாய்க்காலில் வரும் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று தீர்த்துவைக்கிற பொறுப்பு. தண்ணீருக்காக மண்வெட்டியைத் தூக்குகிறவர்களை அதட்டி அடக்கவேண்டும் என்பதால் குரல் பெரிது, மீசை பெரிது. போகம் தொடங்கிவிட்டால் வயலுக்குள் போட்ட வாடிக் குடிசையிலேயே கிடப்பார். வியாழன் பின்னேரம் எங்கள் கடலோர ஊரான சாய்ந்தமருதுக்கு வந்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, சோறு தின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. அது உம்மாவின் சீதன வீடு. அதில் சீனி எந்தப் போத்தலில் இருக்கிறது என்றுகூட வாப்பாவுக்குத் தெரியாது.

எழுபத்தெட்டாம் ஆண்டு கார்த்திகையில் சூறாவளி வந்தது. விடிந்தபோது எங்கள் ஒழுங்கையில் ஓடு இருந்த வீடுகளை விட ஓடு இல்லாத வீடுகள்தான் அதிகம். குசினியின் மேல் ஒரு தென்னை கிடந்தது. அதே தென்னை விழும்போதுதான், கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துவிட ஓடிய வாப்பாவின் இடது காலையும் முறித்திருந்தது. கல்முனை ஆஸ்பத்திரியில் தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மாதக்கணக்கில் நடக்கக்கூடாது என்றார்கள்.

அப்படித்தான் வாப்பா முதன்முதலாக எங்கள் வீட்டில் குடியிருந்தார். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடத்தி, காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்திருந்தோம். பெரிய குரலுக்கு வேலை இல்லை. கோழிகளை அதட்டினார். எனக்கு மூத்தவரான சரீப் காக்கா பாடம் படிக்கும்போது பிழை பிடித்தார். உம்மா குசினியில் தேங்காய் துருவும் சத்தத்தைக் கேட்டே, “இன்னும் ரெண்டு துருவு துருவலாம்” என்றார். உம்மா துருவுபலகையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய்விட்டார்.

அந்த நாட்களில் நிவாரணமாக வெளிநாட்டில் இருந்து பழைய உடுப்புப் பொதிகள் வந்தன. யாரோ நல்ல மனதோடு அனுப்பியவை. எங்களுக்குக் கிடைத்த பொதியில் இருந்தவை எல்லாம் குளிர் நாட்டுக் கோட்டுகள். முழங்காலுக்குக் கீழே தொங்கும் கம்பளிக் கோட்டுகள், கழுத்தை மூடும் தடித்த மேற்சட்டைகள். அதை உடுத்திக்கொண்டு சாய்ந்தமருதுக் கடற்கரையில் யார் நடப்பது? உம்மா அவற்றைப் பிரித்து சரீப் காக்காவுக்கு ஒரு காற்சட்டையாவது தைக்கலாம் என்று நினைத்தார்.

உம்மாவுக்குத் தையல் தெரியும். ஆனால் பிடிக்காது. அவருடைய கல்யாணத்துக்கு வந்த கறுப்புக் கைமெசின் ஒன்று வீட்டில் இருந்தது. வலது கையால் சக்கரத்தைச் சுற்றி, இடது கையால் துணியைத் தள்ளவேண்டும். பள்ளிக்கூடச் சட்டை, கிழிந்த சாரன், நுளம்பு வலை, பெருநாள் வந்தால் எங்களுக்கும் உம்மாவின் தங்கச்சி பிள்ளைகளுக்கும் கவுண் என்று, அவசரமும் அலுப்பும்தான் அந்த மெசினோடு அவருக்கு இருந்த உறவு. தேவையில்லாத ஒன்றை அவர் ஒருநாளும் தைத்ததில்லை.

ஒருநாள் காலையில் ஒரு கறுப்புக் கோட்டையும் சவர அலகையும் வாப்பாவின் மடியில் போட்டார்.

“சும்மா முகட்டப் பார்த்துக்கிட்டு இரிக்காம இதயாச்சும் பிரிச்சித் தாங்க.”

வாப்பா அதைப் பிரிக்கத் தொடங்கினார். எனக்கு அப்போது பத்து வயது. வாப்பா இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தையலின் ஒவ்வொரு கண்ணாக அறுத்து, கைகளைக் கழற்றி, தோளைக் கழற்றி, நிலத்தில் பாய் விரித்து ஒவ்வொன்றாகப் பரப்பச் சொன்னார். கோட்டின் உட்புறத்தில் கத்தரிப்பூ நிறத்தில் வழுவழுப்பான துணி இருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு உம்மாவைக் கூப்பிட்டார்.

“சுபைறா, இஞ்ச வா. இதப் பாரு. உள்ளுக்க இவ்வளவு வடிவான துணிய வெச்சிட்டு வெளியால கரிக்கட்டையப் போட்டிரிக்கான். உடுத்தவனுக்காவது இது தெரிஞ்சிரிக்குமா?”

“தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? துணி கிழியாமப் பிரிங்க,” என்றார் உம்மா.

காற்சட்டைக்கு வேண்டிய துணியை உம்மா எடுத்துக்கொண்டார். மிச்சத் துண்டுகளை வாப்பா கொடுக்கவில்லை. கதிரைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, கறுப்புக்குப் பக்கத்தில் சாம்பல், சாம்பலுக்குப் பக்கத்தில் கத்தரிப்பூ என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து, உம்மா ளுஹர் தொழுதுவிட்டு வந்தபோது, வாப்பா எங்களைத் தூக்கிவரச் சொன்ன மெசினைக் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

முதல் தையல் பாம்பு மாதிரி நெளிந்து போனது. அவர் அதைப் பார்த்து, “வரம்பு இப்பிடி இருந்தா வெள்ளாம விளைஞ்ச மாதிரித்தான்,” என்று சொல்லிக்கொண்டே பிரித்தார். மறுபடியும் தைத்தார். மறுபடியும் பிரித்தார். ஒரு கட்டத்தில் உம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“துணிய இழுக்காதீங்க. அது தன்ட பாட்டுல போகும். கைய மட்டும் காவலுக்கு வெச்சிக்கங்க.”

வாப்பாவுக்குக் கிடைத்த தையல் பாடம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவர் பிழை விட்டுப் பிழை விட்டுக் கண்டுபிடித்தது.

மாவுக்கட்டு வெட்டுவதற்குள் முதல் போர்வை முடிந்திருந்தது. கம்பளித் துண்டுகளைச் சதுரம் சதுரமாக இணைத்து, அடியில் ஒரு பழைய முரட்டுப் படங்குத் துணியை வைத்துத் தைத்திருந்தார். உம்மா அதைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கையால் முடியவில்லை.

“இது என்னத்துக்கு?”

“சும்மாதான்,” என்றார் வாப்பா.

உம்மா அவரை ஒரு விதமாகப் பார்த்தார். அன்றைக்குச் சரீப் காக்கா அதைப் போர்த்திக்கொண்டு படுத்துப் பார்த்துவிட்டு, “எருமக்கடா நெஞ்சில படுத்த மாதிரி இரிக்கி,” என்று எழும்பி ஓடிவிட்டார். அந்தப் போர்வை கடைசியில் பக்கத்து வீட்டாரின் டிரக்டர் இருக்கைக்கு மெத்தையாகப் போனது. அதிலே இருந்து ஓட்டினால் முதுகு நோவதில்லை என்று அவர் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கால் சரியாகி, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நடந்துகொண்டு, வாப்பா திரும்பவும் வாடிக்குப் போனார். வியாழக்கிழமைகளில் வீட்டுக்கு வந்ததும் முதலில் மெசினைத் தேடுவார். வெள்ளி காலையில் உம்மாவுக்கு ஏதாவது தைக்க இருந்தால் மெசினில் வாப்பாவின் துண்டுகள் மாட்டிக்கிடக்கும். உம்மா முணுமுணுத்துக்கொண்டு கழற்றி வைப்பார்.

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அது வெடித்தது. உம்மாவின் தங்கச்சி பிள்ளைகளுடைய கவுண்கள் அரைகுறையாகக் கிடக்க, வாப்பா மிச்சமிருந்த கம்பளியை மெல்லிய ஊசியில் கொடுத்து ஒரு சுற்றுச் சுற்றினார். ஊசி இரண்டாக முறிந்து தெறித்தது. வீட்டில் வேறு ஊசி இல்லை.

உம்மா கத்தவில்லை. கவுண் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, “பெருநாளைக்குப் புள்ளையள் என்னத்த உடுக்கிற?” என்று மட்டும் கேட்டார்.

வாப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்முனைக்குப் போனார். கடைகளில் எல்லாம் பெருநாள் சனம். கடைசியில் மசூர் என்ற தையல்காரர்தான் தன்னிடம் இருந்த ஊசியில் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். ஊசியை வாங்கும்போது வாப்பாவின் கண் மசூரின் மேசைக்குக் கீழே போயிருக்கிறது. அங்கே வெட்டுத் துண்டுகள் குவிந்து கிடந்தன. பெருநாள் சட்டைகளில் மிஞ்சிய பூப்போட்ட சீத்தை, மருதமுனைச் சாரன் துண்டுகள், பட்டு மாதிரி மினுங்கும் பாவாடைத் துணி.

“இதெல்லாம் என்ன செய்யப் போறீங்க?”

“என்ன செய்ற, கூட்டி எரிக்கிறதுதான். வேணுமெண்டா கொண்டு போங்க. எனக்கு இடம் மிச்சம்.”

ஒரு சாக்கு நிறையத் துண்டுகளைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வாப்பா வந்து சேர்ந்தார். ஊசியை உம்மாவின் கையில் கொடுத்துவிட்டுச் சாக்கை ஒரு பக்கமாக ஒளிக்கப் பார்த்தார். உம்மா கண்டுவிட்டார். கவுண்களைத் தைத்து முடித்தார். முடித்ததும் மெசினின் மர மூடியைப் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மூடிக்குச் சாவி இருக்கிறது என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சாக்கு நிறையத் துணி இருக்கிறது, மெசின் இல்லை. வாப்பா பெருநாள் முடிந்து வாடிக்குப் போகும்போது சாக்கையும் கத்தரிக்கோலையும் கையூசியையும் கொண்டு போனார்.

வயலில் தண்ணீர் கட்டியபின் பகலில் வெகுநேரம் சும்மா இருக்கவேண்டி வரும். மற்றவர்கள் அந்த நேரத்தில் தாயம் விளையாடுவார்கள், தூங்குவார்கள். வாப்பா வாடிக்குள் படங்கை இழுத்து மூடிக்கொண்டு தைத்தார். கடதாசியை மடித்து வெட்டி ஒரே அளவுக்கு அச்சுச் செய்து, அதை வைத்துத் துணியை வெட்டி, ஆறு இதழுள்ள பூவாக இணைத்துக்கொண்டு போனார். ஒரு பூவுக்குச் சீத்தைத் துணி, அதைச் சுற்றிச் சாரன் கட்டம்.

ஒருநாள் பூபாலசிங்கம் வாடிக்குள் நுழைந்துவிட்டார். தமிழ் ஊரான வீரமுனையைச் சேர்ந்தவர். எங்கள் வாய்க்காலின் கடைசி வயல்கள் அவருடையவை. வாப்பாவை விடச் சில வயது இளையவர். வீட்டுக்கு வரும்போதெல்லாம் பூசணிக்காயோ வெள்ளரிக்காயோ இல்லாமல் வரமாட்டார். வாப்பா துணியைத் தலையணைக்குக் கீழே தள்ளினார். ஊசி உள்ளங்கையில் ஏறிவிட்டது.

“என்ன காக்கா, கையில ரத்தம்?”

“ஒண்டுமில்ல, முள்ளு.”

பூபாலசிங்கம் தலையணையைத் தூக்கிவிட்டு அதை வெளியே எடுத்தார். சிரிக்கப் போகிறார் என்று வாப்பா எதிர்பார்த்தாராம். அவர் அதை வாடி வாசலில் கொண்டுபோய் வெயிலில் விரித்து, தள்ளி நின்று பார்த்தார்.

“நல்ல வடிவாக் கிடக்கு காக்கா. ஆனா எல்லாப் பூவும் வெளுத்த மாதிரிக் கிடக்கு. நடுவுல நல்ல சிவப்பு ஒண்டு வேணும்.”

“சிவப்புக்கு எங்க போற?”

அடுத்த தடவை வரும்போது அவர் பூசணிக்காயோடு ஒரு சிவப்புச் சேலைத் துண்டும் கொண்டுவந்தார். மனைவி இராசாத்தி உடுத்துப் பழசாகிய சேலையின் தலைப்பு. வாப்பா அதைச் சிறு வட்டங்களாக வெட்டி ஒவ்வொரு பூவின் நடுவிலும் வைத்தார். பூக்கள் கண் திறந்த மாதிரி ஆகிவிட்டன என்று பிறகு எங்களிடம் சொன்னார்.

பூபாலசிங்கத்தால் இதை மனதில் வைத்திருக்க முடியவில்லை. வாப்பாவின் கைவேலையை நெல் குற்றும் மில்லில் வைத்துப் பத்துப் பேர் முன்னால் புகழ்ந்துவிட்டார். நல்லதைத்தான் சொன்னார். ஆனால் மில்லில் இருந்து கதை வெளியே வரும்போது வேறு மாதிரி வந்தது. அபூசாலி வட்டவிதானை பகல் முழுக்க வாடியை மூடிக்கொண்டு பெண்சாதிக்குச் சட்டை தைக்கிறாராம் என்று ஆகிவிட்டது.

அந்த வருடம் மாரிப் போகத்துக்கு முன்னால் விவசாயிகளின் கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வட்டவிதானையைத் தெரிவுசெய்வதும் அந்தக் கூட்டத்தில்தான். வாப்பாவின் பெயரைச் சொன்னதும் பின்வரிசையில் இருந்து ஒருவர் எழும்பினார்.

“வட்டானைக்கு இப்ப ஊசிக்கும் நூலுக்குமே நேரம் காணா. வாய்க்காலப் பார்க்க வேற ஆளப் போடுங்க.”

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. பூபாலசிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். வாப்பா எழும்பி நின்றார். வழக்கமான குரலை எடுக்கவில்லையாம். அதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம்.

“ஓம், நான் தைக்கிறன். வேல முடிஞ்சா வாடியில இருந்து தைக்கிறன். எனக்கு அது விருப்பம். அதால ஆர்ர வயலுக்காவது தண்ணி வராம இருந்திருந்தா இப்ப எழும்பிச் செல்லுங்க. நான் விட்டுட்டுப் போறன்.”

யாரும் எழும்பவில்லை. அந்தப் போகத்துக்கும் அவரே வட்டவிதானை. ஆனால் கூட்டம் கலைந்து போகும்போதே பெயர் வைத்தாகிவிட்டது. ஊசி வட்டானை. ஒரு கிழமைக்குள் சாய்ந்தமருது, கல்முனை எல்லாம் அந்தப் பெயர் நடந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னையும் ஊசி வட்டானையின் மகள் என்றார்கள். நான் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உம்மா நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே மீன் கழுவினார். முகம் மட்டும் சிவந்துகொண்டு போனது. வீட்டுக்குள் வாப்பாவைப் பேசுவதற்கு அவருக்கு உரிமை இருந்தது. ஊர் பேசும் என்று அவர் நினைக்கவில்லை.

வியாழன் பின்னேரம் வாப்பா வந்தார். கைப்பையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஒரு குற்றவாளி மாதிரி கால் கழுவிக்கொண்டு நின்றார்.

“எங்க அது?” என்றார் உம்மா.

“எது?”

“வாடியில தைச்சது.”

வாப்பா பையில் இருந்து எடுத்துக் கொடுத்தார். மேல்பக்கம் முழுதாக முடிந்திருந்தது. உம்மா அதை அதுவரை பார்த்ததில்லை. விரித்துப் பிடித்து ஒவ்வொரு பூவாகப் பார்த்தார். பிறகு ஒரு பழைய வெள்ளைச் சேலையை எடுத்து அடித்துணியாக வைத்து, விளிம்பை ஊசியால் கட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் உம்மா அந்தப் போர்வையைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்தார். எங்கள் உடுப்பெல்லாம் காய்வது பின்வளவுக் கொடியில்தான். உம்மா இதைக் கொண்டுவந்து தெருப்பக்க வேலியின் மேல், ஒழுங்கை முழுக்கத் தெரியும்படி நீளத்துக்கு விரித்தார். ஜும்ஆவுக்குப் போகிற ஆம்பிளைகள் எல்லாம் அந்த வேலியைக் கடந்துதான் போகவேண்டும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உம்மா வாசலில் நின்றார். கடலோரக் காற்றில் போர்வை வேலியில் அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டு லைலா வந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

“ஆருகா இத தைச்ச?”

“என்ட மனிசன்,” என்றார் உம்மா. சத்தமாகத்தான் சொன்னார்.

பின்னேரம் அதை எடுத்து மடித்து வைத்தபின், இடுப்பில் இருந்த சாவியை எடுத்து மெசினின் மூடியைத் திறந்துவிட்டார்.

“கம்பளிய மட்டும் இதுல குடுக்காதீங்க. ஊசி உடையும்.”

அதற்குப் பிறகு வந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பின்னால் எங்கள் விறாந்தைதான். போகம் இல்லாத மாதங்களில் வாப்பா வீட்டோடு இருப்பார். பாயில் துண்டுகளைப் பரப்பி வைப்போம். கடற்காற்று அள்ளிக்கொண்டு போகாமல் ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு மாங்காயோ சிரட்டையோ வைப்போம். மெசின் எண்ணெய் மணம், புதுத்துணிக் கஞ்சி மணம், உம்மா பால் விடாமல் ஊற்றி வைத்த இஞ்சிப் பிளேன்ரீயின் மணம். வானொலி தன்பாட்டில் பேசிக்கொண்டிருக்கும். சக்கரம் சுற்றும் சத்தம் ஒழுங்கை வரைக்கும் கேட்கும். துண்டுகளுக்கிடையில் என்னுடைய பழைய கவுண் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால், அது எந்தப் பெருநாள் கவுண் என்று ஒரு மணி நேரம் கதைப்போம்.

உம்மா தொடக்கத்தில் அந்தப் பாயில் இருப்பதில்லை. வாப்பா பள்ளிவாசலுக்குப் போயிருக்கும் நேரம் வந்து நின்று பார்ப்பார். பச்சையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மஞ்சளை வைத்துவிட்டுப் போய்விடுவார். வாப்பா திரும்பி வந்து பாயைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்.

“இதுல ஆரு கை வெச்ச?”

“காத்தா இரிக்கும்,” என்று குசினிக்குள் இருந்து பதில் வரும்.

வாப்பா கொஞ்ச நேரம் பார்ப்பார். பச்சையைத் திரும்ப வைப்பார். பிறகு அதை எடுத்துவிட்டு மஞ்சளையே வைப்பார். இப்படிப் பல நாள் காற்று வீசியபின், ஒருநாள் உம்மா ஒரு சின்னப் பலகையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு எதிரே இருந்துவிட்டார். அன்றையில் இருந்து நிறம் உம்மா, தையல் வாப்பா. சண்டை இருவருக்கும் பொது. வாப்பாவுக்குக் கட்டங்கள் பிடிக்கும், உம்மாவுக்குப் பூத்துணி. ஒரு ஊதாத் துண்டுக்காக இரண்டு நாள் பேசாமல் இருந்ததும் உண்டு. சமையல் சண்டையும் பெருநாள் அலுப்பும் மட்டும் தெரிந்த உம்மா, தேவையில்லாத ஒரு துண்டை மடியில் வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் சிரிப்பார் என்று நான் நினைத்ததில்லை.

போர்வைகள் ஒன்றும் வீட்டில் நின்றதில்லை. ஒழுங்கையில் பிள்ளை பிறந்தால் ஒரு சின்னது போகும். புதுப்பெண்ணுக்கு ஒன்று போகும். நோயில் கிடந்தவர்களுக்கும் போகும். மசூர் தன் கடையில் தொங்கவிட்டு விற்றுத் தருவதாக வந்து கேட்டார். வாப்பா தலையாட்டி மறுத்தார்.

“வித்தா, வாங்கிறவன் செல்ற நிறத்துல தைக்கணும். மறுகா இதுவும் ஒரு வேலையாப் போயிரும்.”

சரீப் காக்கா கத்தாருக்குப் போய் முதல் லீவில் ஒரு கரண்ட் மெசின் கொண்டுவந்தார். வாப்பா அதில் ஒரு தையல் ஓட்டிப் பார்த்தார். அது சீறிக்கொண்டு ஓடித் துணியின் மற்ற முனையில் போய் நின்றது.

“நான் யோசிச்சி முடிக்கிறதுக்குள்ள இது ஓடி முடிஞ்சிருது. உம்முவுக்குக் குடு.”

அப்படி அது எனக்குக் கிடைத்தது.

எண்பத்தைந்தில் தமிழ், முஸ்லிம் கலவரத்தில் நிலைமை கெட்டது. தமிழ் ஊர்களுக்கும் எங்கள் ஊர்களுக்கும் இடையில் வழிகள் அடைபட்டன. வாப்பாவால் வயலுக்குப் போகமுடியவில்லை. பூபாலசிங்கத்தால் எங்கள் பக்கம் வரமுடியவில்லை. அப்போது பாயில் கிடந்தது அவருடைய மகளின் கல்யாணத்துக்காகத் தொடங்கிய போர்வை. நிறங்களை இராசாத்தி அக்காவே சொல்லி அனுப்பியிருந்தார். மாம்பழ மஞ்சளும் சிவப்பும். கல்யாணம் எப்போது நடந்தது, நடந்ததா என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

வாப்பா அதைத் தைத்து முடித்தார். அந்த நாட்களில் ஒழுங்கையில் எல்லோரும் தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். அந்தத் தாழ்ந்த குரல்களுக்கு நடுவே எங்கள் வீட்டில் சக்கரம் சுற்றியது. யாராவது, “இது ஆருக்கு?” என்று கேட்டால் உம்மா முந்திக்கொண்டு, “வீரமுனைக்கு,” என்பார். கேட்டவர் வேறு கதைக்குப் போய்விடுவார். உம்மா போர்வையை மடித்துப் பூச்சி உருண்டை போட்டு அலுமாரியில் வைத்தார். மழைக்காலம் கழிந்ததும் எடுத்து வெயிலில் காயவைத்துத் திரும்ப வைப்பார்.

இரண்டு வருடத்துக்கும் மேலாகிவிட்டது. ஒருநாள் வாப்பா கல்முனைக்குப் போனவர் பஸ் ஸ்டாண்டில் பூபாலசிங்கத்தைக் கண்டிருக்கிறார். தலை முழுக்க நரைத்துப் போயிருந்ததாம். இருவரும் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து தேத்தண்ணியை ஆற்றிக் குடித்தார்களாம். கடைசியில் பூபாலசிங்கம்தான் வாப்பாவின் கையைப் பிடித்துத் திருப்பி, விரல்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

“இன்னும் குத்திக்கொண்டுதான் இருக்கிறீங்க போல?”

“ஓம். உன்ர மகள்ற போர்வ முடிஞ்சி அலுமாரிக்குள்ள இரிக்கி.”

“அவளுக்கு ஒரு பொடியனும் பிறந்திட்டான் காக்கா.”

அடுத்த கிழமை அவர் வீட்டுக்கு வந்தார். கையில் பூசணிக்காய் இருந்தது. உம்மா போர்வையை அவரிடம் கொடுக்கும்போது, பொடியனுக்கென்று அவசரமாகத் தைத்த சின்னது ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். பூபாலசிங்கம் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு விறாந்தையில் வெகுநேரம் இருந்தார். வாப்பாவும் அவரும் அந்த வருடத்து மழையைப் பற்றிக் கதைத்தார்கள்.

எண்பத்தெட்டில் எனக்குக் கல்யாணம் நடந்தது. வழமைப்படி வீடு எனக்கு வந்தது. வாப்பாவும் உம்மாவும் பின்வளவில் கட்டிய இரண்டறை வீட்டுக்குக் கைமெசினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வட்டவிதானை வேலையையும் வாப்பா விட்டுவிட்டார். அந்த வருடம் மார்கழியில் மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்தது. கடலில் இருந்து வந்த குளிர் எலும்பில் ஏறியது. அப்போதுதான் உம்மா ஒன்றைக் கண்டுபிடித்தார்.

“ஊருக்கெல்லாம் தைச்சிக் குடுத்தாச்சி. எங்களுக்குப் போர்த்த ஒண்டும் இல்ல.”

உண்மைதான். இருவரும் பழைய படுக்கை விரிப்பைத்தான் போர்த்திக்கொண்டு கிடந்தார்கள். அடுத்த நாளே துண்டுச் சாக்கு பாயில் கவிழ்ந்தது. மழைக்குள் இருந்துகொண்டு, வெளியே போக வழியில்லாமல், காலையில் இருந்து பின்னேரம் வரைக்கும் தைத்தார்கள். யாருக்கும் கொடுக்கத் தேவையில்லாததால் எந்த அவசரமும் இல்லை. பாதி கட்டம், பாதி பூ. நடுவில் ஒரு பச்சைத் துண்டை வைப்பதா மஞ்சளை வைப்பதா என்று என்னிடம் தீர்ப்புக் கேட்டு வந்தார்கள். நான் சமையலைக் காட்டித் தப்பிவிட்டேன்.

முடிந்ததற்கு மறுநாள் விடியற்காலைச் சுபஹுக்குப் பின்னால் நான் தேத்தண்ணி கொண்டு போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. இருவரும் தொழுதுவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்து அந்தப் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு இருந்தார்கள். மறுபக்கத்தில் நான்கு பாதங்களும் வெளியே தெரிந்தன.

“கால் பக்கம் நீளம் காணா,” என்றார் உம்மா.

“நீதானே அளந்த?”

“நான் அளந்தது சரி. நீங்க வெட்டக்குள்ள விட்டுட்டீங்க.”

“நான் வெட்டினது நீ தந்த அளவுக்கு.”

நான் கோப்பைகளை வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு வரிசை சேர்த்துத் தைத்தால் போதும். ஆனால் பிழை யாருடையது என்று முடிவாகாமல் இருவரும் ஊசியைத் தொடுவதாக இல்லை. அந்த மாரி முழுக்கக் காலை மடக்கிக்கொண்டு அதற்குள்ளேயே படுத்தார்கள்.